மானுக்கும் இலக்குத் தட்டுக்கும் ஒரே ரைஃபிள்: எந்தத் தோட்டா எடுப்பது?

கேள்வி கேட்டவர் முதல் ரைஃபிள் வாங்கப் போகிறார். வேட்டை உரிமம் கையில் இருக்கிறது. பருவத்தில் நடுத்தர அளவு மானும் காட்டுப்பன்றியும் சுட வேண்டும், மற்ற நாட்களில் 300 முதல் 600 மீட்டர் வரை இரும்புத் தட்டிலும் காகித இலக்கிலும் பழக வேண்டும். .308 வின்செஸ்டர், 6.5 க்ரீட்மோர், .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றில் எது என்று குழம்பியிருக்கிறார் (பெயரில் உள்ள எண் ஏறக்குறைய குழலின் விட்டம்: .308 அங்குலத்தில், 6.5 மில்லிமீட்டரில்). கூடவே ஒரு கிளைக் கேள்வி: ".223 மலிவாயிற்றே, அது போதாதா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 6.5 க்ரீட்மோர் எடுங்கள். நீங்கள் இருக்கும் பக்கம் .308 எளிதாகக் கிடைத்து, 6.5 தேடி அலைய வேண்டியிருந்தால், யோசிக்காமல் .308 எடுங்கள். மருந்து அதிகம் போட்ட மேக்னம் வேண்டாம். .223 இரண்டாவது ரைஃபிளாக அருமையானது, முதலாவதாக வேண்டாம். ஏன் என்பதைத்தான் இனி சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பெரும்பாலானவர்கள் தோட்டாவின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். எந்த மிருகம், எவ்வளவு தூரத்தில், அதற்கு எந்தக் குண்டு, அந்தக் குண்டு கிளம்பும்போது வரும் உதையை உங்கள் தோள் தாங்குமா என்று பார்த்துவிட்டு, பெயரைக் கடைசியில் பாருங்கள். தோட்டா என்று நான் இங்கே சொல்வது பித்தளைக் கூடு, பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுச் சாமானை. குண்டு என்பது குழலைவிட்டுப் பறக்கும் முன்பகுதி மட்டும். மிருகத்தைத் தொடுவது அந்தக் குண்டு மட்டும்தான். ஆனால் விற்பனையில் பேசப்படுவதெல்லாம் கூட்டின் அளவையும் அதற்குள் இருக்கும் மருந்தையும் பற்றி.

முதலில் மிருகம். மானோ பன்றியோ, சட்டென்று விழ வேண்டுமென்றால் குண்டு முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தில் நுழைந்து, உள்ளே விரிந்து, போதிய ஆழம் போக வேண்டும். நடுத்தர மானுக்கு அந்த இடம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். அதற்குள் விழுந்த சாதாரண 6.5, வயிற்றில் விழுந்த .300 மேக்னத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். வயிற்றில் அடிபட்ட மிருகம் ஓடி, எங்கோ புதருக்குள் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். எவ்வளவு பெரிய தோட்டாவானாலும் அதை ஈடுகட்ட முடியாது.

ஆற்றல் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சுத்தமாக ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் பல நாடுகளின் சட்டமே அந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் சின்ன வகையான ரோ மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல் இருக்க வேண்டும். பெரிய மான் வகைகளுக்கும் காட்டுப்பன்றிக்கும் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 100 மீட்டரில் 2000 ஜூலும். இங்கிலாந்தில் பெரிய மான் வகைகளுக்கு .240 அங்குல விட்டம், குழல் வாயில் 1700 அடி-பவுண்டு ஆற்றல், அதாவது சுமார் 2300 ஜூல். உங்கள் மூன்று தோட்டாக்களும் இந்த வரம்புகளைச் சுலபமாகத் தாண்டும். 143 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டோடு 6.5 க்ரீட்மோர் வாயில் 3100 ஜூலை ஒட்டித் தரும், 168 கிரெயின் குண்டோடு .308 சுமார் 3600 தரும். 55 கிரெயின் குண்டு போட்ட .223 வாயிலேயே 1700 ஜூலை ஒட்டித்தான் நிற்கும். ரோ மானுக்குச் சரி, பன்றிக்குச் சட்டப்படியே இடிக்கும். உங்கள் பகுதியின் விதி எதுவோ அதைக் கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். சில இடங்களில் விட்டத்துக்கு வரம்பு, சில இடங்களில் ஆற்றலுக்கு, சில இடங்களில் குண்டின் எடைக்கு.

"6.5 ரொம்பச் சின்னது, மிருகம் நிற்காது" என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். ஸ்வீடனிலும் நார்வேயிலும் 6.5×55 (6.5 மில்லிமீட்டர் விட்டம், 55 மில்லிமீட்டர் நீளக் கூடு) தோட்டாவால் நூறு வருஷத்துக்கும் மேலாக மூஸ் வேட்டையாடி வருகிறார்கள். மூஸ் என்றால் நல்ல குதிரை அளவுள்ள மான். அந்த 6.5×55ம் 6.5 க்ரீட்மோரும் விட்டத்திலும், குண்டு எடையிலும், வேகத்திலும் ஏறத்தாழ ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டமும் உண்டு. டபிள்யூ. டி. எம். பெல் என்ற யானை வேட்டைக்காரர் 7×57 மௌசரை வைத்தே பெரும்பாலான யானைகளைச் சுட்டார், ஆகவே எந்தச் சின்னத் தோட்டாவும் போதும் என்பார்கள். பெல் யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். விரியாத கெட்டிக் குண்டு போட்டவர். மிக அருகில் போய்ச் சுட்டவர். அதில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது உடற்கூறு அறிவையும் குண்டுத் தேர்வையும்தான். தோட்டாவின் பெயரை மட்டும் கடன் வாங்கினால் உதவாது. (ஜிம் கார்பெட்டுக்கு சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காகப் பரிசாகத் தரப்பட்ட .275 ரிக்பியும் இதே 7×57தான். பழைய தோட்டா, இன்றைக்கும் மானுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.)

இனி குண்டு. இங்கேதான் வேட்டையும் இலக்குச் சுடுதலும் பிரிகின்றன. ஒரே ரைஃபிள் என்றாலும் இரண்டுக்கும் ஒரே குண்டு கூடாது.

போட்டிக் குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல குண்டுகளில் நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதைப் பார்த்ததும் "விரியும் குண்டு" என்று நினைத்துவிடுவார்கள். அந்த ஓட்டை விரிவதற்காக வைத்தது இல்லை. அடிப்பக்கத்திலிருந்து நுனி நோக்கிச் செம்பு உறையை இழுத்து மூடும்போது கடைசியில் மிஞ்சும் வாய் அது. அப்படிச் செய்தால் அடிப்பாகம் ஒழுங்காக அமையும், துல்லியம் கூடும். மிருகத்துக்குள் அது என்ன செய்யும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு முறை விலா எலும்பில் பட்டுத் தூள்தூளாகும், இன்னொரு முறை விரியாமல் ஊசி மாதிரி மறுபக்கம் போய்விடும். வேட்டைக் குண்டில் உறையின் தடிமன், ஈயக் கருவோடு அதை ஒட்டியிருக்கும் விதம், நுனியில் வைத்த பிளாஸ்டிக் முனை எல்லாமே, பட்டவுடன் விரிந்து, ஆனால் சிதறாமல் உள்ளே போவதற்காகவே செய்யப்பட்டவை.

விரிவதற்கு வேகம் வேண்டும். சாதாரண ஈயக்கருக் குண்டுகளுக்குப் படும் இடத்தில் நொடிக்கு 550 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முழுச் செம்புக் குண்டுகளுக்கு 600ஐ ஒட்டி இருந்தால்தான் நிம்மதி. தயாரிப்பாளர் ஒவ்வொரு குண்டுக்கும் இந்தக் குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லியிருப்பார், அதைத் தேடிப் படியுங்கள். அப்புறம் உங்கள் தோட்டாவின் வேகப் பட்டியலில் எந்தத் தூரத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள். அதுதான் அந்தக் குண்டின் வேட்டைத் தூர எல்லை. 165 கிரெயின் வேட்டைக் குண்டு போட்ட .308க்கு அது சுமார் 400 மீட்டர். நீளமான 143 கிரெயின் குண்டு போட்ட 6.5க்கு 500ஐத் தாண்டும். உங்கள் எல்லை பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

செம்புக் குண்டைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். ஈயத்துக்குத் தடை வரும் இடங்கள் பெருகுகின்றன. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்பு ஈயத்தைவிட லேசானது. அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டுக்குக் குழலில் வேகமான முறுக்கு தேவை. உங்கள் பகுதியில் ஈயத்தடை வரலாம் என்று தோன்றினால், அந்த ஒரு காரணத்துக்காகவே முறுக்கு வேகமாக உள்ள ரைஃபிளைப் பாருங்கள்.

சரி, முறுக்கு என்றால் என்ன? குழலின் உட்சுவரில் திருகாணி மாதிரி ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. பம்பரம் வேகம் குறைந்தால் தள்ளாடுவதுபோல, போதிய சுழற்சி இல்லாத குண்டு காற்றில் தள்ளாடும். ரொம்பக் குறைந்தால் இலக்கில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகக் குறுக்காக விழுந்த சாவித்துளை வடிவ ஓட்டை விழும். 1:8 என்றால் 8 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. எண் சிறிதாக ஆக முறுக்கு வேகம்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய வியாபாரக் கதை இருக்கிறது. 1955இல் இரண்டு நிறுவனங்கள் ஒரே விட்டத்தில், ஏறக்குறைய ஒரே திறனுள்ள இரண்டு 6 மில்லிமீட்டர் தோட்டாக்களை விட்டன. வின்செஸ்டர் விட்டது .243, ரெமிங்டன் விட்டது .244. ரெமிங்டன் தன்னுடையதை நரி, அணில் போன்ற சின்ன மிருகங்களுக்கென்று நினைத்து 1:12 முறுக்கு வைத்தது. 100 கிரெயின் மான் குண்டு அதில் நம்பகமாக நிற்கவில்லை. வின்செஸ்டர் 1:10 வைத்து, 100 கிரெயின் குண்டோடு "இது மானுக்கும் ஆகும்" என்றது. கூட்டைப் பார்த்தால் ரெமிங்டனுடையதில் மருந்துக்கு இடம் சற்று அதிகம்கூட. ஆனாலும் ஜனங்கள் .243 பக்கம் போய்விட்டார்கள். 1963இல் ரெமிங்டன் அதே தோட்டாவுக்கு 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று புதுப்பெயர் வைத்து, 1:9 முறுக்கோடு மறுபடி இறக்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இன்று .243 எங்கும் கிடைக்கிறது, மற்றதைத் தேட வேண்டும்.

இதே கதை கொஞ்சம் மாறி 6.5இலும் நடந்தது. .308இன் கூட்டைக் குறுக்கி 6.5 ஆக்கிய .260 ரெமிங்டன் 1997இல் வந்துவிட்டது. தோட்டாவில் குறையே இல்லை. ஆனால் கூடு நீளமாக இருந்ததால், காற்றைக் கிழித்துப் போகும் நீண்ட குண்டைப் போட்டால் தோட்டா அடுக்கும் மேகசினுக்குள் அடங்கவில்லை. குண்டை உள்ளே அழுத்தினால் மருந்தின் இடத்தைத் தின்றது. 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 க்ரீட்மோர் கூட்டைச் சற்றுக் குட்டையாக்கி, நீண்ட குண்டுக்கு இடம் விட்டு, 1:8 முறுக்கை ஆரம்பத்திலிருந்தே வழக்கமாக்கி, கடையில் வாங்கும் தோட்டாவிலேயே போட்டித் துல்லியம் கிடைக்கும்படி செய்தது. அதில் மாயம் ஒன்றும் கிடையாது. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றன, அவ்வளவே.

பழைய ரைஃபிள் வாங்குவதாக இருந்தால் குழலில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் முறுக்கை நீங்களே அளந்துவிடலாம். ரைஃபிள் காலி என்று பார்த்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடி சுழலக்கூடிய சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமான துணித்துண்டு ஒன்றை மாட்டிக் குழலுக்குள் கொஞ்சதூரம் தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி, கம்பி குழலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கோடு. இப்போது மெதுவாகத் தள்ளினால் துணி வரிப்பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கம்பியைச் சுழற்றும். புள்ளி முழுச்சுற்று சுற்றி மறுபடி மேலே வந்ததும் நிறுத்தி, கம்பி நுழையும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே எத்தனை அங்குலமோ அதுதான் முறுக்கு. இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள், துணி வழுக்கினால் கணக்கு தப்பும். .243இல் 1:10 என்று வந்தால் 105 கிரெயினுக்கு மேற்பட்ட போட்டிக் குண்டுகளை மறந்துவிடலாம். பழைய .223இல் 1:12 என்று வந்தால் 55 கிரெயினோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். 77 கிரெயின் குண்டுக்கு 1:8 வேண்டும்.

அடுத்தது உதை. என்னைக் கேட்டால் இந்த முடிவில் பாதிக்கு மேல் எடை இதற்குத்தான்.

3.6 கிலோ எடையுள்ள ரைஃபிளில் 6.5 க்ரீட்மோரின் உதை ஆற்றல் சுமார் 17 ஜூல், .308 சுமார் 23, .300 வின்செஸ்டர் மேக்னம் 40ஐ ஒட்டி. எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் 60 தோட்டா சுட்டுப் பாருங்கள், தெரியும். 6.5இல் 60வது தோட்டாவும் முதல் தோட்டா மாதிரியே போகும். .308இல் கடைசிப் பத்தில் கொஞ்சம் அசதி தெரியும். மேக்னத்தில் இருபதுக்குள்ளேயே உங்கள் உடம்பு அடுத்த அடியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். விசையை அழுத்தும் அந்த நொடியில் கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குழல் கீழே தாழும். இது பயந்தாங்கொள்ளிக்கு மட்டும் வருவதில்லை. உடம்பு தானாகச் செய்வது, எத்தனை அனுபவம் இருந்தாலும் வரும். வந்துவிட்டால் போக்குவது கடினம்.

இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாவுக்கு நடுவே போலித் தோட்டா ஒன்றை மேகசினில் வைக்கட்டும். நீங்கள் வழக்கம்போல் சுடுங்கள். போலித் தோட்டா வரும்போது "டிக்" என்ற சத்தம் மட்டும்தான், வெடி இல்லை. உதையே இல்லாதபோது குழல் முனை எங்கே போகிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவர் பார்ப்பார். அப்படியே அசையாமல் நின்றால் நல்லது. விரற்கடை அளவு கீழே குத்தினால், அந்தத் தோட்டா இப்போதைக்கு உங்களுக்குப் பெரியது. குழல் வாயில் வெடி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் மாட்டினால் உதை நன்றாகவே குறையும், ஆனால் சத்தம் பக்கவாட்டில் வெடிக்கும். காதுக் கவசம் இல்லாமல் பிரேக் மாட்டிய மேக்னத்தை வேட்டையில் ஒரே ஒரு முறை சுட்டாலும் காதுக்குச் சேதம்தான். ஒலி அடக்கி அனுமதிக்கப்பட்ட இடமானால் அது நல்ல வழி.

மேக்னம் இதற்கெல்லாம் பதிலாக என்ன தருகிறது? 180 கிரெயின் குண்டைப் பழைய .30-06 தோட்டா நொடிக்கு 820 மீட்டரில் அனுப்பினால் .300 வின்செஸ்டர் மேக்னம் 900ஐ ஒட்டி அனுப்பும். மருந்து கால்பங்குக்கு மேல் கூட, வேகம் பத்து சதவீதம் கூட. அந்த வேகமும் முழுசாகக் கிடைக்க 24 முதல் 26 அங்குலக் குழல் வேண்டும்; .308 20 அங்குலத்திலேயே சமாளித்துக்கொள்ளும். பெரிய மூஸ், எல்க், திறந்த மலைச்சரிவில் நீண்ட தூரம் என்று இருந்தால் மேக்னத்துக்கு வேலை உண்டு. நீங்கள் சொன்ன மிருகத்துக்கும் தூரத்துக்கும் அது தேவையில்லாத சுமை.

இப்போது .308ஆ 6.5ஆ என்ற சண்டைக்கு வருவோம். இதில் பாதி வீண்பேச்சு, பாதி நிஜம். எது எந்தப் பாதி என்று தூரம்தான் சொல்லும்.

200 மீட்டரில் குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், 300 மீட்டரில் இரண்டுமே சுமார் கால் மீட்டர் கீழே விழும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அந்த வித்தியாசம் உங்கள் மூச்சிலேயே காணாமல் போகும். 300 மீட்டருக்குள் மட்டும் வேட்டையாடுகிறவருக்கு 6.5இன் பறக்கும் திறனைப் பற்றிய பேச்சுக்கு அர்த்தமே இல்லை. ஆனால் 500 மீட்டருக்குப் போங்கள், மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று வீசட்டும். 168 கிரெயின் போட்டிக் குண்டு போட்ட .308 சுமார் 60 சென்டிமீட்டர் ஒதுங்கும். 140 கிரெயின் குண்டு போட்ட 6.5 அரை மீட்டருக்குள் நிற்கும். காற்றை நீங்கள் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் 6.5 அதை மன்னிக்கும். இலக்குச் சுடுதலில் உயரத்தைக் கருவி சொல்லிவிடும், காற்றை நீங்கள்தான் கணிக்க வேண்டும். அதனால்தான் 600 மீட்டர் தட்டுக்கு 6.5 என்கிறேன்.

இன்னும் தள்ளிப் போனால் இடைவெளி பெரிதாகும். .308இன் 168 கிரெயின் குண்டு 900 மீட்டரை ஒட்டி ஒலியின் வேகத்துக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் குண்டு அலைக்கழியும். சியரா நிறுவனத்தின் பேர்போன 168 கிரெயின் மேட்ச்கிங் 300 மீட்டர் போட்டிக்காக வடிவமைத்தது. அந்தத் தூரத்தில் அது தங்கம். அதைத் தூக்கிக்கொண்டு 1000 கெஜத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம், அங்கே 175 கிரெயினோ அதைவிட நவீனமான குண்டோ வேண்டும். 6.5 குண்டு 1100 மீட்டரைத் தாண்டியும் ஒலியைவிட வேகமாகவே பறக்கும்.

போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால், தோட்டாவுக்கு முன்னால் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூர இலக்குப் போட்டியின் எஃப்-டிஆர் பிரிவில் .308 வின்செஸ்டரும் .223 ரெமிங்டனும் மட்டும்தான். அங்கே 6.5 எடுத்துக்கொண்டு போனால் ஓபன் பிரிவில்தான் நிறுத்துவார்கள், கனமான விசேஷ ரைஃபிள்களோடு மோத வேண்டியிருக்கும். பால்மா என்ற நெடுந்தூரப் போட்டியும் அப்படியே .308, .223 சார்ந்தது. நேரத்தோடு போட்டியிட்டு, விதவிதமான நிலைகளில் தட்டு சுடும் பிரிசிஷன் ரைஃபிள் போட்டிகளில் இன்று 6 மில்லிமீட்டர்தான் ராஜா, உதை அவ்வளவு குறைவு. குண்டு தட்டில் படுவதை ஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பு) நடத்தும் 50 மீட்டர் என்றால் .22 லாங் ரைஃபிள், வேறு பேச்சே இல்லை.

குழல் தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டித் துல்லியத்தை எதிர்பார்த்தால் .308 குழல் சாதாரணமாக 5000 தோட்டா தாங்கும், 6.5 க்ரீட்மோர் 2000 முதல் 3000, .300 மேக்னமும் வேகமான 6 மில்லிமீட்டர்களும் 1500 அக்கம்பக்கம். சூடான குழலில் சடசடவென்று சுட்டால் இதெல்லாம் இன்னும் குறையும். வேட்டைக்கு மட்டும் என்றால் ஒரு குழல் உங்கள் ஆயுளுக்கும் வரும். மாதத்துக்கு 200 தோட்டா சுடுகிறவர் ஒரு வருஷத்திலேயே 6.5 குழலை மாற்றும் பேச்சை எடுக்க வேண்டியிருக்கும். உங்களைப் போல் இரண்டும் செய்கிறவர் நடுவில் வருகிறார். .308 பக்கம் நான் சாய்வதற்கு இருக்கும் ஒரே வலுவான காரணம் இதுவும், தோட்டா கிடைக்கும் வசதியும்தான். 1952இல் வந்து, 1954இல் நேட்டோவின் 7.62×51க்கு அண்ணன் தம்பியான தோட்டா அது. தட்டுப்பாட்டுக் காலத்திலும் எங்காவது ஒரு பெட்டி கிடைக்கும்.

.223 பற்றிக் கேட்டீர்கள். உதை இல்லை, தோட்டா மலிவு, குழல் நீண்டநாள் உழைக்கும். வேகமான முறுக்கில் 77 கிரெயின் குண்டு போட்டால் 600 மீட்டர் தட்டைத் தாராளமாக அடிக்கலாம், காற்றை மட்டும் நன்றாகப் படிக்க வேண்டும். காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் பன்றியின் தோள் எலும்பின் மேல் நம்பி விடக்கூடிய தோட்டா இல்லை. பணம் அனுமதித்தால் பெரிய ரைஃபிளோடு ஒரு .22 லாங் ரைஃபிளும் வாங்குங்கள், .223க்கும் முன்னால். 50, 100 மீட்டரில் .22ஐ ஒழுங்காகச் சுடத் தெரிந்தால் மீதியெல்லாம் உதையைப் பழகுவதுதான்.

மற்றவை சட்டென்று. .243, இளைஞருக்கும் சிறிய உடலமைப்புள்ளவருக்கும் மானுக்கு நல்லது. பெரிய பன்றிக்கு எல்லையில் நிற்கிறது, ஜெர்மனி மாதிரி 6.5 மில்லிமீட்டர் விதி உள்ள இடத்தில் அதற்கு இடமே இல்லை. 7எம்எம்-08 வேட்டைக்கு மட்டும் என்றால் என் சொந்த விருப்பம், .308இன் கூடு, சற்றுக் குறைந்த உதை. ஆனால் கடைத் தோட்டாவில் போட்டிக் குண்டு வகை குறைவு. .270ம் .30-06ம் நூறு வயதை எட்டிய, தாண்டிய கிழவர்கள். வேட்டையில் ஒரு குறையும் இல்லை, வீட்டில் ஏற்கெனவே இருந்தால் விற்றுவிட்டுப் புதிது வாங்க வேண்டாம். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் எருமை, யானை மாதிரி ஆபத்தான பெரிய மிருகங்களுக்கு; நம் பேச்சுக்கு வெளியே.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் ஒரு ஆபத்தைத் தவறாமல் கவனியுங்கள். பின்னாளில் .223ம் .300 பிளாக்கவுட்டும் இரண்டுமே வீட்டுக்கு வந்தால், தோட்டாவை ஒரே பெட்டியில், ஒரே மாதிரி மேகசினில் வைக்காதீர்கள். பிளாக்கவுட் .223இன் கூட்டையே வெட்டிச் செய்தது, ஒரே மேகசினில் ஏறும். சில குண்டுகளோடு .223 அறைக்குள்ளும் போய் போல்ட் மூடிவிடும். விசையை அழுத்தினால் 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் குழலுக்குள் போக முடியாமல் ரைஃபிள் கையிலேயே வெடிக்கும். அதேபோல் .223 என்று மட்டும் பொறித்த ரைஃபிளில் ராணுவ 5.56 தோட்டாவைப் போடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும், அறைக்குள் அழுத்தம் எல்லை மீறலாம். குழலில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று ஒவ்வொரு பெட்டியையும் திறக்கும்போதே பார்க்கும் பழக்கம் வையுங்கள்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இது. 1:8 முறுக்குள்ள 22 அல்லது 24 அங்குலக் குழல், ஸ்கோப்போடு சேர்த்து நாலு கிலோவை ஒட்டிய எடை. இறகு மாதிரி லேசான மலை ரைஃபிள் வேண்டாம், தட்டு சுடும்போது உதையும் சூடும் கஷ்டப்படுத்தும். வேட்டைக்கு 140 கிரெயினை ஒட்டிய விரியும் குண்டில் இரண்டு மூன்று வகைப் பெட்டி வாங்கி, எது உங்கள் குழலுக்குப் பிடிக்கிறதோ அதிலேயே நில்லுங்கள். ஒரே தோட்டா ஒரு ரைஃபிளில் 100 மீட்டரில் 2 சென்டிமீட்டருக்குள் குவியும், பக்கத்து ரைஃபிளில் 5 சென்டிமீட்டர் பரவும். காரணம் தேடி மண்டையை உடைக்க வேண்டாம், மாற்றிப் பாருங்கள். வேட்டைக்கு 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர் போதும். 300 மீட்டரில் அது 12 சென்டிமீட்டர், மானின் நுரையீரல் வட்டத்துக்குள்ளேயே அடங்கும். போட்டிக் குண்டுக்குத் தனியாக ஸ்கோப் கணக்கு எழுதி வையுங்கள். குண்டை மாற்றினால் படும் இடமும் மாறும். வேட்டைக்குப் போகும் முந்தின வாரம் வேட்டைக் குண்டால் மறுபடி சுட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பிறகு, 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மேஜையை விட்டு வெளியே வாருங்கள். உட்கார்ந்து, முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து, வேட்டையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே, கொஞ்சம் நடந்து மூச்சு வாங்கும் நிலையில், 100 மீட்டரிலிருந்து தொடங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். பத்துக்குப் பத்தும் தட்டில் விழும் கடைசித் தூரம் எதுவோ, மிருகத்தின்மேல் அந்தத் தூரம் வரைக்கும்தான். முதல் வருஷத்தில் அது பலருக்கு 200 மீட்டரைத் தாண்டாது.